மடிப்பாரம்

ஈரோட்டிலிருந்து தொட்டிவலசுக்குப் போகும் மத்தியானப் பேருந்தில், ஜன்னலோரம் சாய்ந்திருந்த சாந்தாமணியின் மடியில் அந்தப் பாரம் வந்து அமர்ந்தபோது, வெளியே மஞ்சள் வேகவைக்கிற ஆவி காட்டுக்குக் காடு எழும்பிக்கொண்டிருந்தது, உள்ளே பாதிப்பேர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் அவள் கணவன் நாச்சிமுத்து இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "இந்தத் தடவையும் கரு ஒட்டலைங்கம்மா" என்று சொல்லியிருந்தார். சாந்தாமணி அழவில்லை. அழுதால் வெளியே வரிசையில் உட்கார்ந்திருக்கிற மற்றப் பெண்களுக்குத் தெரிந்துவிடும், அவர்களுக்கு இன்னும் முடிவு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்துவிட்டாள். பேருந்து பெரிய சாலையை விட்டு ஊர்ப்பாதைக்குத் திரும்பிய இடத்தில் அவள் சேலை மடியில் ஒரு குழி விழுந்தது. தூங்குகிற பச்சைப்பிள்ளையை யாரோ எழுப்பாமல் கொண்டுவந்து கிடத்தியது போலிருந்தது. குனிந்து பார்த்தாள். பிள்ளை இல்லை. கை வைத்துப் பார்த்தாள். சூடில்லை, குளிர்ச்சியில்லை, தோலில்லை, துணியில்லை. பாரம் மட்டும் இருந்தது.

"ஏனுங்க, என்ற மடியில என்னமோ இருக்குதுங்க."

நாச்சிமுத்து கையை அடியில் கொடுத்துத் தூக்கினான். அவன் மணிக்கட்டு தாழ்ந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "கழுத்து நிக்காத புள்ளையாட்டம் இருக்குது, பாத்துப் புடி" என்று திருப்பிக் கொடுத்தான். ஊர் வந்ததும் நடத்துநர், "கைப்பாரத்தோட ஆளு எறங்குதுண்ணா, சித்த நிறுத்து" என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுத்தார். படியில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் விலகி வழிவிட்டாள்.

தொட்டிவலசு தறி ஊர். வீட்டுக்கு வீடு துண்டு நெய்கிற விசைத்தறிகள் ஓடுகிற அந்த ஊரில், அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே செத்துப்போகிறவர்களுக்கு, மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் காது வலிக்கும். நாச்சிமுத்துவின் வீட்டோடு ஒட்டிய கொட்டகையிலும் தறிகள் ஓடின. அவற்றுக்கு நூல் சுற்றிக் கொடுப்பதற்கென்றே வந்தவள்போல் சாந்தாமணி கல்யாணமாகி வந்தாள். முதல் வருஷம் ஊர் சிரித்தபடி "என்ன விசேஷம்?" என்று கேட்டது. அடுத்த வருஷம் சிரிக்காமல் கேட்டது. அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு அவள் வயிற்றைப் பார்த்தது. வளைகாப்புக்குப் போனால், சந்தனம் பூசுகிற வரிசையில் அவள் முறை வரும்போது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வேறு வேலை வந்துவிடும், யாராவது ஒருத்தி "சாந்தா, அந்தப் பாயசத்தைச் சித்த பாரு" என்பாள், அவளும் போய்ப் பாயசத்தைப் பார்ப்பாள், பாயசம் பொங்காமல் பார்ப்பதில் அவளைவிடக் கைதேர்ந்தவர்கள் ஊரில் இல்லையென்று ஆகிப்போனது.

மரம் சுற்றினாள், கோயில் தரையில் சோறு போட்டுக் கைகட்டித் தின்றாள், யார் யாரோ சொன்ன வேரை அரைத்து வெறும் வயிற்றில் குடித்தாள். பிறகு ஊசிகளின் காலம் வந்தது. தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொள்கிற ஊசி, தொடையில் போட்டுக்கொள்கிற ஊசி, நாச்சிமுத்துவே கற்றுக்கொண்டு போட்டுவிடுகிற ஊசி. தறி ஓட்டிக் காய்த்த அவன் கை அந்தச் சின்ன ஊசியைப் பிடித்ததும் அவன் ஏதாவது நூல் விலை பேசுவான். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு குளிர்ந்த அறைகளில் மல்லாந்து கிடந்தாள். அவன் கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து ஓர் அறைக்குள் அனுப்பினார்கள், அந்த அறையிலிருந்து வெளியே வந்த முகத்தோடு அவன் அவளை நேராகப் பார்க்கச் சில நாட்கள் ஆயின. ஒவ்வொரு தடவையும் கரு வைத்த பிறகு, இருமினால் நழுவிவிடுமென்று இருமலை விழுங்கினாள், தும்மலை மூக்கைப் பிடித்துக் கொன்றாள், படி ஏறவில்லை, குனியவில்லை, கனவில்கூட ஓடவில்லை. கருவென்று திரையில் காட்டிய மூன்று நீர்க்குமிழிகளை நாச்சிமுத்து செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தான். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இருவரும் பார்ப்பார்கள், ஓரத்தில் இருக்கிற குமிழி அவன் ஜாடை என்று அவள் சொல்வாள். பிறகு ரத்தம் எடுப்பார்கள். பிறகு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றுவார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அவர்கள் பாரத்தோடு வீடு வந்தார்கள்.

நாச்சிமுத்துவின் அம்மா ராமாத்தாள் வாசலில் நூல் தீர்ந்த ஊடைக்கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், மருமகள் கைகளை வைத்திருக்கிற விதத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். ஆறு பெற்று நாலை வளர்த்தவள். அத்தனை வருஷமும் மருமகளை மலடி என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லாலும் சொன்னவள். ஒன்றும் கேட்காமல் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள், வாங்கியதும் பழக்கத்தில் உடம்பை இடமும் வலமும் ஆட்டினாள்.

"தல எந்தப்பக்கம் அம்மிணி?"

"தல இல்லீங்க அத்தை. பாரந்தானுங்க."

"ம்," என்றாள் ராமாத்தாள். "பாரமாச்சும் வந்துதே." பிறகு உள்ளே போய், பழைய வேட்டியை எடுத்துத் தூலத்தில் தொட்டில் கட்டி, அதில் கொண்டுபோய்ப் போட்டாள். வேட்டி இழுத்துக்கொண்டு நின்றது. தூலம் ஒருமுறை முனகியது. அவள் ஆட்டத் தொடங்கினாள்.

சேதி கேட்டு ஊர் வந்தது. சர்க்கரையோடு வந்தது, மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தது, ஒருத்தி பழைய பால்புட்டியைக்கூடக் கழுவிக் கொண்டுவந்து, எதற்கென்று தெரியாமல் வைத்துவிட்டுப் போனாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து மடியில் வாங்கினார்கள். ஜாடை பார்த்தார்கள். அடுத்த வீட்டுச் சுந்தரி, "அப்படியே நாச்சிமுத்தண்ணன் கட்டுமஸ்து, எலும்புப் பாரம்" என்றாள். இன்னொருத்தி, இல்லை, சாந்தாவின் அப்பன் வழி, அந்த வீட்டில் எல்லாரும் பிறக்கும்போது இப்படித்தான் கல்லு மாதிரி இருப்பார்கள் என்றாள். ஆண்கள் வாசலில் நின்று, எட்டிப் பார்க்காமல், கேட்டுக்கொண்டார்கள். வருஷக்கணக்காகத் தன்னைச் சுற்றி நடந்த பேச்சு முதல் தடவையாகத் தன் மடியில் இருக்கிற ஒன்றைப் பற்றி நடப்பதைக் கேட்டு, சாந்தாமணி அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டாள். சர்க்கரை அதிகம் விழுந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

தீட்டு விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி சின்னச்சாமி நேரில் வந்து, பாரத்தைத் தொட்டுப் பார்க்காமல் சற்றுத் தள்ளி நின்று யோசித்தார். ஊர்ப் பெரியவர்களும் யோசித்தார்கள். ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். கடைசியில் பூசாரி, "பொறந்த தீட்டும் இல்ல, எழவுத் தீட்டும் இல்ல. இதுக்கு எங்கிட்டக் கணக்கு இல்லீங்க. நீங்க எப்ப வேணும்னாலும் கோயிலுக்கு வரலாம்" என்றார். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. சாந்தாமணிக்கு மட்டும், ஏதாவது ஒரு தீட்டு இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அங்கன்வாடியில் ஸ்டெல்லா டீச்சர் மாதாமாதம் பிள்ளைகளை எடை பார்க்கிற நாளில், மற்றத் தாய்மார்களோடு அவளும் வரிசையில் நின்றாள். கொக்கித் தராசில் துணித்தொட்டிலை மாட்டி, சாந்தாமணி பாரத்தை அதில் இறக்கினாள். முள் நகர்ந்தது. டீச்சர் குனிந்து பார்த்து, "மாசத்துக்கேத்த எடைதாங்க, நல்லா ஏறுது" என்று சொல்லி, எல்லாருக்கும் கொடுக்கிற சத்துமாவுப் பொட்டலத்தை அவளுக்கும் கொடுத்தார். அந்த மாவை அவளும் நாச்சிமுத்துவும் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள்.

தூக்குகிறவர்களுக்குத் தெம்பு வேண்டியிருந்தது, ஏனென்றால் அது வளர்ந்தது. வேறெதுவும் செய்யவில்லை, வளர்ந்தது. சாந்தாமணி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் நூல் சுற்றப் பழகினாள். நாச்சிமுத்து தேர்நோம்பிக்குத் தோளில் வைத்துக்கொண்டு போய், கூட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்து அம்மனைக் காட்டினான். கண் இல்லாததற்குக் காட்டுகிறோம் என்பது அவனுக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியும். "இன்னும் சித்த மேல தூக்குங்க, அந்தக் குடை மறைக்குது" என்று ஒருவர் சொன்னார். அவன் இன்னும் தூக்கினான். அந்த ஒரு வருஷம் சாந்தாமணியை யாரும் பாயசம் பார்க்கச் சொல்லவில்லை. சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு அவன் உள்ளே வந்து, "எங்கே?" என்று கேட்பான், அவள் "இங்க" என்று மடியைக் காட்டுவாள், அவன் கையை நீட்டுவான். அது போதுமாக இருந்தது.

காது குத்துவதற்குச் சாந்தாமணியின் அண்ணன் ரத்தினசாமி சீர்த்தட்டோடு வந்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பந்தல் போட்டிருந்தது, மைக்செட் பாடிக்கொண்டிருந்தது, ரத்தினசாமி புதுவேட்டி மடியில் பாரத்தை வாங்கிக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தான். நகை ஆசாரி தங்கக் கம்பியைத் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு முன்னால் வந்து மண்டியிட்டார். கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பாரத்துக்கு மேலே கையைக் கொண்டுபோனார். இந்தப் பக்கம் கொண்டுபோனார், அந்தப் பக்கம் கொண்டுபோனார்.

"காது எங்கீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

மைக்செட்டை யாரோ நிறுத்தினார்கள். ரத்தினசாமி தங்கச்சியைப் பார்த்தான். ராமாத்தாள்தான், "தேங்காயை ஒடைங்க" என்றாள். தேங்காயை உடைத்தார்கள். பந்தி போட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்ததென்று எல்லாரும் தேவைக்கு அதிகமாகச் சொன்னார்கள், போகும்போது யாரும் பாரத்தைக் கேட்டு வாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊருக்குக் கை வலிக்கத் தொடங்கியது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளை என்றால் சிரிக்கும், சிரிப்பில் பாரம் தெரியாது. அழும், அழுதால் தூக்கியதற்கு ஒரு காரணம் கிடைக்கும். மடியை நனைக்கும், முடியைப் பிடித்து இழுக்கும், தூங்கிப்போய்க் கழுத்தில் மூச்சு விடும். இது ஒன்றும் செய்யாது. வாங்கிய இடத்தில் வாங்கியபடி இருக்கும், ஒவ்வொரு மாதமும் கூடுதலாக இருக்கும். சுந்தரிதான் முதலில் திருப்பிக் கொடுத்தாள். அவள் மகளும் சாந்தாமணியைப் பார்த்தால் ஓடிவந்து வாங்குகிறவள்தான், அவளும் நிறுத்தினாள். "தப்பா நெனைக்காத சாந்தா, எனக்கு இடுப்புப் புடிச்சுக்குது" என்றாள் சுந்தரி. மெய்யாகவே அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவருக்கும் ஏதோவொன்று பிடித்துக்கொண்டது. சாந்தாமணி தெருவில் வந்தால் கதவோரம் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அடுப்பில் பால் வைத்ததை நினைத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அறிவுரைகள் வந்தன. ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், அதைப் பற்றி அவர்கள் இருவரும் யோசிக்கவே இல்லை என்பதுபோலச் சொன்னார்கள். மனு கொடுத்து, அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்த்து, இத்தனை வயதாகிவிட்டதே என்று மறுத்துவிட்டதை அவர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "எறக்கி வெச்சுட்டு நிம்மதியா இருக்கலாம்ல" என்று வழியில் போகிறவர்கள்கூடச் சொன்னார்கள், ஏதோ அவளிடம் அதற்கொரு இடம் இருக்கிறதுபோல.

ஸ்டெல்லா டீச்சர் மட்டும் நேராகச் சொன்னார். தராசில் முள் கடைசிக் கோட்டைத் தாண்டிய அன்று, "இதுக்கு மேல என்கிட்ட தராசு இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தாங்க முடியாமல் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ராமாத்தாள் கடைசிவரை தூக்கினாள். உட்கார்ந்த இடத்தில் மடியில் வைத்துக்கொண்டு, மற்றப் பேரப்பிள்ளைகள் வந்தால்கூட "அந்தப்பக்கம் போய் வெளையாடுங்க" என்று விரட்டிவிட்டு, ஆட்டிக்கொண்டேயிருந்தாள். ஒருநாள் எழுந்திருக்கப் பார்த்தாள், கால் வரவில்லை. சாந்தாமணி ஓடிவந்து பாரத்தை எடுத்தாள்.

"என்ற மடி செத்துப்போச்சு அம்மிணி," என்றாள் ராமாத்தாள். "இனிமே உம்பாடு."

அந்த ஆடியில் அவள் போய்விட்டாள். எழவுக்கு வந்த ஊர், சாவு வீட்டில் எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுகிற ஊர், சாந்தாமணியின் கைகளில் வேறொன்று இருந்ததால் அவளைக் கட்டிப்பிடிக்க வழி தெரியாமல் தோளைத் தொட்டுவிட்டுப் போனது.

பிறகு அது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பாரமாயிற்று. சாந்தாமணியின் இடுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்தே போனது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார். "இதெல்லாம் எப்படீம்மா ஆச்சு?" என்று கேட்டார். அவள் மடியில் இருந்ததை அவரிடமே கொடுத்துக் காட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, மேசைமேல் வைத்து, பெருமூச்சு விட்டு, மாத்திரை எழுதினார்.

நாச்சிமுத்து சுமக்கத் தொடங்கினான். தறிக்கும் நூல்கடைக்கும் சுமந்தான். ஒரு நாள் தறிக்கொட்டகையில் அறுந்த இழையை முடிச்சுப் போடக் குனிந்தவன் நிமிர முடியாமல் அப்படியே நின்றான். ஓடுகிற தறிக்குப் பக்கத்தில், ஒரு கையால் முதுகில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் இழையைப் பிடித்துக்கொண்டு, அவன் அழுவதைச் சாந்தாமணி பார்த்தாள். தறிச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை. ஊசி போடும்போதுகூட, டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றும்போதுகூட அவன் அழுததில்லை.

அவள் போய்த் தறியை நிறுத்தினாள்.

"கொடுமுடிக்குப் போலாமா சாந்தா?" என்றான். "காவேரியில விட்டுருலாம். எல்லாரும் அங்கதான விடறாங்க."

"எல்லாரும் செத்தவங்களை விடறாங்க."

"செரி. நம்முளுது என்ன, உசுரோடவா இருக்குது?"

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டான். அவள் அவன் கையிலிருந்த அறுந்த இழையை வாங்கி முடிச்சுப் போட்டாள். பிறகு, "நாளைக்குக் காத்தால போலாமுங்க" என்றாள்.

கொடுமுடிப் படித்துறையில் அன்று கூட்டம் அதிகமில்லை. மொட்டையடித்த ஈரத்தலைகளோடு சிலர் பிண்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள். வயதான சாஸ்திரிகள் ஒருவர் பாயை விரித்து, தர்ப்பையை எடுத்துக்கொண்டு, நாச்சிமுத்துவை எதிரில் உட்காரச் சொன்னார். யாருக்கு என்று கேட்டார். பேர் என்ன, என்ன நட்சத்திரம், எந்தத் திதியில் காலமானது என்று கேட்டார். நாச்சிமுத்து ஒவ்வொரு கேள்விக்கும் மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் தலையசைத்தாள், இல்லையென்று. சாஸ்திரிகள் அவர்கள் நடுவில் பாய் அமுங்கிக் கிடந்த இடத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. தர்ப்பையைக் கீழே வைத்தார்.

"பேரில்லாததுக்கு மந்திரம் சொல்ல முடியாதும்மா. சொன்னாலும் அது யாருக்குப் போய்ச் சேரும்? நீங்களே கொண்டுபோய் விடுங்கோ. காவேரி கேள்வி கேக்க மாட்டா." தட்சிணை நீட்டியதை வாங்க மறுத்துவிட்டார்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். முழங்கால் தண்ணீரில் பாரம் பாரமாகவே இருந்தது. இடுப்புத் தண்ணீர் வந்ததும் நதி அதற்கு அடியில் கை கொடுத்தது. சாந்தாமணியின் தோள்பட்டை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கீழே இறங்கியது. மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. கைகளில் அது இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை. இப்படியே நின்றுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தண்ணீர் விரலைச் சூம்ப வைக்கட்டும், மீன் கடிக்கட்டும், ஆளும் பேரும் படியில் நின்று பார்த்துவிட்டு அலுத்துப் போகட்டும், இந்தத் தண்ணீருக்குள் மட்டும் தானும் எல்லாத் தாய்மார்களையும்போலத் தூக்கிக்கொண்டு நிற்கலாம்.

"விட்டுருலாமா?" என்றான் அவன்.

"நீங்க மொதல்ல விடுங்க."

அவன் கையை எடுத்தான். எடுத்த கையை வெளியே தூக்கி, ஏதோ மறந்ததுபோல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். அவளும் விட்டாள். பொய்யில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்தாள், மடியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், அது தன் விரல்நுனிகளைத் தொட்டு நழுவிக் கிழக்கே போவதை உணர்ந்தாள். மூழ்கினார்கள். எழுந்தார்கள். திரும்பிப் பார்க்காமல் ஏற வேண்டுமென்று யாரோ சொல்லியிருந்தபடி திரும்பிப் பார்க்காமல் ஏறினார்கள். நாச்சிமுத்து வேட்டியைப் பிழிந்துகொண்டு முன்னால் போனான். தண்ணீரை விட்டு முழுவதுமாக வெளியே வந்த படியில், சாந்தாமணியின் இடதிடுப்பில் அது மறுபடி வந்து அமர்ந்தது.

அவள் நின்றாள். அவன் திரும்பி, "வழுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்து, அவளைத் தாங்க இடுப்பில் கையைப் போட்டான். பாரம் இருந்த இடத்திலேயே அவன் கை வந்து பட்டது. அங்கே ஒன்றும் இல்லாததுபோல அவள் ஈரச்சேலைமேல் பதிந்தது. அவன் முகத்தை அவள் உற்றுப் பார்த்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

படித்துறை முக்கில் இருந்த ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து இட்லி கேட்டான், தோசை கேட்டான், சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னான். கல்யாணமான புதிதில் அவன் இப்படித்தான் சாப்பிடுவான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் மழை எப்படி என்று விசாரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் பக்கம் சாய்ந்து கேட்டான்.

"இப்ப எப்படி இருக்குது?"

மேசைக்கு அடியில் அவளுடைய ஒரு கை மடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவன் முகம் மழை பெய்து ஓய்ந்த வானம்போல் இருந்தது. அதை மறுபடி மூடிவிட ஒரு வார்த்தை போதும்.

"லேசா இருக்குதுங்க," என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு வடை கொண்டுவரச் சொன்னான்.

தொட்டிவலசில் சேதி அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. மூடிய கதவுகள் திறந்தன. இடுப்புப் பிடிப்புகள் சரியாயின. சுந்தரி ஒரு கிண்ணம் குழம்போடு வந்து, வாசலில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் கைகளுக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. யாருக்கும் தட்டுப்படவில்லை. சாந்தாமணி சாய்ந்து நடப்பதைப் பார்த்து, பழைய எலும்புக் கோளாறு, பாவம் என்றார்கள். அவள் உட்கார்ந்தால் மடியில் குழி விழுந்தது, யாரும் பார்க்கவில்லை. நாச்சிமுத்து தறிக்குப் போனான், சங்கக் கூட்டத்துக்குப் போனான், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் "எங்கே?" என்று கேட்பதில்லை. அது வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வளர்கிற பிள்ளை ஒருநாள் இறங்கி நடக்கும் என்று எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்த விஷயம் அவளுக்கும் தெரியும். இது இறங்காது என்பதும் தெரியும். அவள் ஒற்றைக் கையால் நூல் சுற்றினாள்.

சுந்தரியின் மகளுக்குப் பிறந்த பெண்பிள்ளை, தலை நின்ற பிறகு, தை மாதத்தில் பாட்டி வீட்டுக்கு வந்திருந்தது. வீடு நிறைய ஆட்கள். சாந்தாமணி பாயில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சுந்தரிக்கு மனசு நிறைந்திருந்தது. இத்தனை வருஷம் இவளை ஓரங்கட்டினோமே என்ற எண்ணம் எங்கேயோ உறுத்தியிருக்க வேண்டும். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க, அவள் முன்னால் நீட்டினாள்.

"சித்த வெச்சிரு சாந்தா. மடி சும்மாதான இருக்குது."

எல்லாரும் நல்ல மனதோடுதான் பார்த்தார்கள். நாச்சிமுத்து வாசலில் நின்று புன்னகையோடு பார்த்தான். சாந்தாமணி இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையை வாங்கினாள். பால் வாசம் வந்தது. கதகதப்பாக இருந்தது. சின்ன விலா எலும்புகளுக்குள் இதயம் அடிப்பது அவள் கட்டைவிரலில் தெரிந்தது. மடியில் இறக்கப் போனாள்.

மடியில் இடமில்லை.

அவள் குழந்தையை அப்படியே, முன்னால் நீட்டிய கைகளில், அந்தரத்தில் பிடித்துக்கொண்டாள். கைகள் தளர்ந்தபோது மேலே உயர்த்தினாள், மேலே வலித்தபோது கீழே கொண்டுவந்தாள், மடியைத் தொடாமல் மறுபடி உயர்த்தினாள். இது விளையாட்டென்று நினைத்துக் குழந்தை, பல்லில்லாத வாயைத் திறந்து, சத்தமாகச் சிரித்தது.

"பாருங்க," என்றாள் சுந்தரி, கண் கலங்க, "சாந்தா எப்படி வெளையாட்டுக் காட்டுறாள்னு."

வீடே சிரித்தது. இன்னும், இன்னும் என்று குழந்தை காலை உதைத்தது. சாந்தாமணியின் கைகள் தோளிலிருந்து நடுங்கத் தொடங்கின. அவள் அதை இன்னொரு தடவை உயரத் தூக்கினாள்.